எல்லா வரியும் ஜெபகனியுடையது, ஒன்றைத் தவிர

தச்சநல்லூர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் தட்டச்சு ஆசிரியையாகவும் அலுவலகத்தின் அச்சாணியாகவும் இருந்து, இன்று 31.5.1999 திங்கட்கிழமை பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய நீலாம்பாள் டீச்சர் அவர்களே! பிழையைப் பொறுக்காதவரே, பிழைத்தவளைப் பொறுத்தவரே! உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

1968 ஜூன் மாதம் நீங்கள் இங்கே வந்தபோது பள்ளியில் இரண்டு தட்டச்சுப் பொறிகள் இருந்தனவாம். ஒன்றில் 'ந' விழாது. புதுப்பொறி வரும்வரை, அதில் அடித்த ஒவ்வொரு தாளிலும் அந்த எழுத்தை மட்டும் நீங்களே பேனாவால் இட்டு நிரப்பினீர்கள். உங்களிடம் விரல் பழகிய பெண்கள் இன்று அம்பாசமுத்திரம் நீதிமன்றத்திலும் திசையன்விளைப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் உட்கார்ந்து அடிக்கிறார்கள். முப்பது தாள்களைக் கலைத்துப் போட்டாலும், அடித்தவள் யார் என்று எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். "இது இடது சுண்டுவிரல் நோவுதவ அடிச்சது. சுப்ரஜாதானே? என்னட்டி, வெரல்ல என்ன?" என்று கேட்பீர்கள். சுப்ரஜா விரலைப் பின்னால் மறைப்பாள். உங்கள் வகுப்பில் எழுத்துக்கு ஓர் உடம்பு இருந்தது.

இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு கோப்பைத் தொலைத்ததில்லை. அப்படிப்பட்ட உங்கள் பணிப்பதிவேட்டில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில், ஒரு மெமோ இருக்கிறது. 25.1.1999 தேதியிட்டது. 'கவனக்குறைவால் பள்ளியின் மின்னஞ்சல் பெட்டி அயலார் கைக்குப் போகக் காரணமானவர்' என்று அது உங்களைச் சொல்கிறது. இந்த ஒரு வரியோடு நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். பாராட்டு மடலில் மெமோவைப் பற்றிப் பேசுவது வழக்கமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பாராட்டினால் எதைப் பாராட்டியதாகும்? ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். நடந்ததில் பெரும்பங்கு என்னுடையது என்பதால், அறிவியல் ஆசிரியை விஜயஸ்ரீயாகிய நான் இங்கிருந்து 'நான்' என்றே எழுத மற்றவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள்.

சென்ற ஆகஸ்டில் முன்னாள் மாணவிகள் பள்ளிக்கு ஒரு கணினி வாங்கித் தந்தார்கள். அதை இயக்கப் பழக ஜெபகனி டீச்சர் செப்டம்பரில் மூன்று வாரம் மதுரைக்குப் போனார். என் வயதுக்காரி, என் தோழி. அவளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. பயிற்சிக்காகத் தினமும் அங்கிருந்து பள்ளிப் பெட்டிக்கு எனக்கொரு மின்னஞ்சல் எழுதினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோம். 'மழை'க்கு எங்களில் அவள் ஒருத்திதான் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தைப் போடுவாள். 'ஹாஸ்டல் இட்லி நம்ம பள்ளிக்கூட டஸ்டர் மாதிரி இருக்கு விஜி, போர்டு தொடைக்கலாம்' என்று எழுதுவாள். நீங்கள் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, துளையிட்டு, நாடா கோத்துக் கோப்பில் வைத்தீர்கள். "சும்மா அரட்டைதானே டீச்சர், இதுக்கு எதுக்கு ஃபைலு?" என்று நான் சிரித்தேன். "பள்ளிக்கூடத்துக்கு வந்த காயிதம்" என்றீர்கள்.

அக்டோபர் முதல், வளைகுடாவில் வேலை பார்க்கும் தகப்பன்மார் அந்தப் பெட்டிக்கு எழுதத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலை தாய்மார் வந்து வாங்கிப் போவார்கள். ஒன்பதாம் வகுப்பு ஃபஹ்மிதாவின் அம்மா ஷரீபா பீவி, கணவர் தம்மாமிலிருந்து எழுதியதை நின்றபடியே மூன்று முறை படிப்பார். முதல் சனிக்கிழமை அவரிடம் நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"இதுல ஏதாச்சும் அவசரமா, வித்தியாசமா வந்துதுன்னா ஒடனே நம்பிராதிய. போன் போட்டுக் கொரலைக் கேட்டுக்கிடுங்க."

"எங்க வீட்டுக்காரவுக எழுத்து எனக்குத் தெரியாதா டீச்சர்?"

"இதுல எழுத்தே இல்லையேம்மா. எனக்கும் ஒங்களுக்கும் அவுகளுக்கும் எல்லாத்துக்கும் ஒரே எழுத்துதான்."

அந்த அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஏதாவது இருக்கும் என்று நினைத்தார் போலும். அழுத்தத்தால் ஆளை அறிகிற நீங்கள், அழுத்தமே விழாத அந்தத் தாளை எப்போதும் சற்றுத் தள்ளியே பிடித்தீர்கள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி ஜெபகனி இறந்தாள். மஞ்சள் காமாலை. அதற்கு முதல் நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடந்தது. நாளைக்கு வருகிறேன் என்று நான் பதில் சொல்லி அனுப்பினேன். மறுநாள் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

ஜனவரி 22, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நீங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் போயிருந்தீர்கள். சனிக்கிழமைக் கடிதங்களை இறக்கி வைக்கலாம் என்று நான் கணினி அறைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போனேன். தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஓய்ந்தது. திரையில் ஐந்து கடிதங்கள். நான்காவதை அனுப்பியவர் பெயர் ஜெபகனி.

அன்னத்தாய் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். அலுவலக வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளில் அவருக்கு ஆங்கில எழுத்தில் தெரிந்தவை ஆசிரியைகளின் பெயர்கள் மட்டும்தான். திரைக் கண்ணாடியில் ஒட்டிய அந்தப் பெயரைப் பார்த்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"யம்மா, ஜெபகனி டீச்சர் பேருல்லா நிக்கு அங்கன."

"பழைய காயிதமா இருக்கும்க்கா."

"பழசுன்னா நேத்துல்லா வந்திருக்கணும்? இன்னைக்கு ஏன் வருது?"

நான் திறந்தேன். இதுதான் அதில் இருந்தது:

'விஜி, சாப்பிட்டாச்சா? இங்க ஒரே மழை. நான் வர முடியாத எடத்துல மாட்டிக்கிட்டேன். ஒன் ஞாபகமாவே இருக்கு. பள்ளிக்கூடப் பெட்டியோட பாஸ்வேர்டை ஒடனே இதுக்கு அனுப்பு. யார்ட்டயும் சொல்லாத. ஜெபா.'

வெளியே தை மாதத்து வெயில் மைதானத்தில் வெள்ளையாக அடித்துக் கிடந்தது. 'மழை' என்ற சொல்லில் ஆங்கிலத்தின் கடைசி எழுத்து இருந்தது. அவள் இருக்கும் இடத்தில் மழை பெய்கிறது என்று நான் நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். செத்தவர்கள் மின்னஞ்சல் எழுத மாட்டார்கள் என்று எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது. என் விரல்கள் இன்னொரு பக்கம் இருந்தன. ஒருமுறை அவள் கூப்பிட்டு நான் நாளைக்கு என்றேன். இப்போது மறுபடி கூப்பிடுகிறாள், உடனே என்கிறாள். அன்னத்தாய் அக்கா வாசலில் நின்று "பதில் போடாதிய டீச்சர், பதில் போட்டா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று நாற்பதுக்கு நான் அந்தச் சொல்லை அடித்து அனுப்பினேன். அதன் கீழே, 'நான் அன்னைக்கே வந்திருக்கணும் ஜெபா' என்றும் அடித்தேன்.

சனிக்கிழமை காலை நீங்கள் வந்து, வந்தவற்றை அச்செடுத்தீர்கள், போனவற்றையும் பார்த்தீர்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்றினீர்கள். பிறகு என்னை உட்காரச் சொல்லி, ஜெபகனியின் மதுரைக் கடிதங்கள் பத்தொன்பதையும் கோப்பிலிருந்து எடுத்து மேசையில் பரப்பி, வெள்ளிக்கிழமைக் கடிதத்தை நடுவில் வைத்து, சிவப்புப் பென்சிலை என் பக்கம் தள்ளினீர்கள்.

"பேரைப் பாக்காத. வரி வரியாப் பாரு. ஒவ்வொரு வரியும் எந்தக் காயிதத்துல இருக்குன்னு தேடு."

தேடினேன். 'சாப்பிட்டாச்சா' ஏழு கடிதங்களில் இருந்தது. 'இங்க ஒரே மழை' செப்டம்பர் 14. 'நான் வர முடியாத எடத்துல மாட்டிக்கிட்டேன்' செப்டம்பர் 9. அதற்கு அடுத்த வரியில், ஆறு மணிவரை வகுப்பு, வாத்தியார் கதவைப் பூட்டிவிட்டார் என்று இருந்தது. 'ஒன் ஞாபகமாவே இருக்கு' கடைசிக் கடிதத்தில், எனக்குச் சேலை எடுக்கக் கடைக்குப் போனபோது. 'யார்ட்டயும் சொல்லாத' செப்டம்பர் 18, வகுப்பை விட்டு மேட்னி ஷோ போனதைச் சொல்லிவிட்டு. ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டேன். என் தோழி உயிரோடு இருந்தபோது எனக்கு எழுதிய வரிகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கோத்திருந்தார். கோடு போடாமல் ஒரே ஒரு வரி நின்றது. பாஸ்வேர்டை அனுப்பு என்ற வரி. அது எந்தக் கடிதத்திலும் இல்லை.

"இவ்வளவும் அவ சொன்னது. இது ஒண்ணுதான் கேக்க வந்தவன் சொன்னது" என்றீர்கள். "இனிமே யாரு பேருல வந்தாலும், கொரலு எப்பிடி இருக்குன்னு பாக்காத விஜி. கடைசியில என்ன கேக்குதுன்னு பாரு. ஒடனேங்குதா, யார்ட்டயும் சொல்லாதங்குதா, பூட்டைத் தொறக்குததைக் கேக்குதான்னு பாரு."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பிணத்தின் மேல் கிடந்த சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது. பின்னால் ஜெபகனியின் அண்ணன் சொன்னார்: டிசம்பரில் தங்கையின் பெட்டிக்கு, 'கணக்கு மூடப்படும், காப்பாற்றக் கடவுச்சொல்லைத் தருக' என்று ஒரு கடிதம் வந்திருந்ததாம். அவள் எழுதியவை அழிந்துவிடக் கூடாதே என்று பிரவுசிங் சென்டரிலிருந்து அவர் பதில் அனுப்பியிருக்கிறார். அன்பினால்தான் அவரும் திறந்துவிட்டார். கேட்டவன் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனால் வெள்ளி மாலைக்கும் சனி காலைக்கும் இடையில் நம் பெட்டி திறந்து கிடந்தது. தம்மாமில் இருக்கும் முகம்மது இப்ராஹிமுக்கு நம் பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் போயிருந்தது: உங்கள் மகள் ஃபஹ்மிதா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உங்கள் பாஸ்போர்ட் எண்ணை உடனே எழுதுங்கள், வீட்டுக்குச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். அவர் எண்ணை எழுதவில்லை. நீங்கள் ஷரீபா பீவியிடம் சொன்னதை அந்த அம்மா தன் கடிதமொன்றில் அவருக்கு எழுதியிருந்தார். அவர் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். "வாப்பா, நான் இங்கன கணக்குப் போட்டுக்கிட்டுல்லா இருக்கேன்" என்று ஃபஹ்மிதா சொன்னதும் மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டதாம். அந்த மூச்சுக்கு முன்னிருந்த சில மணிநேரம் ஒரு தகப்பன் தன் மகள் செத்துக்கொண்டிருப்பதாக நம்பியிருந்தார். அதை அவருக்குக் கொடுத்தவள் நான்.

திங்கட்கிழமை ஷரீபா பீவி தாளாளரிடம் முறையிட்டார். கணினிக்குப் பொறுப்பாளர் நீங்கள் என்பதால் மெமோ உங்கள் பெயருக்கு வந்தது. நீங்கள் எழுதிய விளக்கம் ஒரே வரி: 'பொறுப்பு என்னுடையது.' என் கையெழுத்தும் நேரமும் கணினி அறைப் பதிவேட்டில் இருந்தன. அதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் எடுத்து நீட்டவில்லை. நான் உங்கள் மேசைக்கு வந்து நின்றேன்.

"நான் சொல்லிருதேன் டீச்சர்."

"என்னத்தச் சொல்லுவ? செத்துப்போனவ கேட்டா, குடுத்தேன்னா? ஒன்னயப் பைத்தியம்பாங்க. எனக்கு இன்னும் நாலு மாசம். ஒனக்கு இருவத்தஞ்சு வருசம் கெடக்கு. போ, பெல்லு அடிச்சாச்சு."

நான் போனேன். வகுப்பில் பாடமும் நடத்தினேன். நான்கு மாதம் உங்கள் எதிரே உட்கார்ந்து மதியச் சோறு தின்றேன். பயந்தவள் பேசாமல் இருப்பதற்கு நல்ல காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவற்றுள் மிக நல்லதை நீங்களே எனக்குக் கொடுத்திருந்தீர்கள்.

ஜெபகனியின் பெயரில் இன்னும் கடிதம் வருகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மாதத்துக்கு இரண்டு. மே பதின்மூன்றாம் தேதி வந்தது இது: 'என்ன எல்லாரும் சேந்து மறந்துட்டியளா?' செப்டம்பர் 16ஆம் தேதிக் கடிதத்தின் முதல் வரி. அதன் கீழே எதுவும் கேட்கவில்லை. அது மட்டும்தான். நீங்கள் அதையும் அச்செடுத்தீர்கள். கோடு போட்டீர்கள், கோத்தீர்கள். "இதுல கேக்குதது ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றேன். "பதில் வருதான்னு கேக்குது" என்றீர்கள். பதில் எழுதவில்லை. ஆனால் அன்று மாலை நீங்கள் ஜெபகனியின் கல்லறைக்குப் போய் வந்ததை அன்னத்தாய் அக்கா பார்த்திருக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை, இந்த மடலுக்காகக் கூடியபோது, ஆசிரியைகள் அறையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு ஆசிரியை ஹமீது பீவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏளா, நாலு மாசமா இதை வயித்துக்குள்ளயா வச்சிருந்த? நாங்கள்லாம் அந்த அம்மாவையில்லா ஒரு மாதிரியாப் பாத்துட்டோம். வயசாயிட்டு, மெசினு தெரியலன்னு."

அதுவும் உண்மை. அதற்கு நாங்கள் எல்லாருமே உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மறுநாள் தாளாளர் சிவசண்முகம் அண்ணாச்சியைப் பார்த்தோம். மெமோவை என் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நீ சொல்லுதது சரிதாம்மா. ஆனா பதிவேட்டுல ஏறினது ஏறினதுதான். ஆடிட்டுக்காரன் பாத்துக் கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டான். இனி அதுல ஒரு புள்ளியை மாத்தினாலும் நான் மேல பதில் சொல்லணும்."

"அப்ப டீச்சர் இப்பிடியே போகணுமா அண்ணாச்சி?" என்று ஹமீது பீவி டீச்சர் கேட்டார்.

அவர் எங்களை வழியனுப்ப எழுந்தார். கதவுவரை வந்தபோது, "மடல்ல என்ன எழுதணும்னு நான் யாருக்கும் சொல்லுதது கெடையாது. அது உங்க மடல்" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர், இந்த இடத்தில் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தச் சொல்வீர்கள் என்று தெரியும். ஹமீது பீவி டீச்சரை உங்கள் வலப்பக்கத்தில் உட்கார வைத்திருப்பது அதற்காகத்தான்.

பணிப்பதிவேடு இரும்பு அலமாரிக்குள் இருக்கும். இனி அதை எடுத்துப் படிக்க ஒருவருக்கும் வேலையில்லை. இந்த மடலுக்கோ தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டிருக்கிறோம். கூடத்தில், நாற்காலிகளுக்கு எதிரே மாட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், நீங்கள் உள்ளே காபி போடும் நேரத்தில், வேறு வேலையில்லாமல் இதைப் படிப்பார்கள். என் பெயரையும் படிப்பார்கள். படிக்கட்டும்.

விரல்களில் வலியின்றி, விழிகளில் மங்கலின்றி, உறங்கும் நேரம் உறங்கி, நினைத்த நேரம் எழுந்து, நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். எங்களில் ஒருத்திக்கு உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுதி அனுப்ப மாட்டோம். தெருவைக் கடந்து நேரே வந்து, உங்கள் வாசலில் நின்று, வாய்விட்டுக் கூப்பிடுவோம்.

தச்சநல்லூர்
31.5.1999

இங்ஙனம்,
அந்தச் சொல்லை அனுப்பியவளாகிய
வே. விஜயஸ்ரீ, அறிவியல் ஆசிரியை

இதைப் படித்து, அறிந்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்
ஹமீது பீவி, அன்னத்தாய்,
மற்றும் பள்ளியின் ஆசிரியைகள், அலுவலகத்தார் அனைவரும்